காதுக்குப் பின்னால்

கேன் தண்ணிதான் சரி. குழாய்த் தண்ணியில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு நிற்கும், தூத்துக்குடித் தண்ணி அப்படி, அதில் குளித்துக் குளித்துத் தலைமுடியே தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது, கண்ணாடி எந்த மூலைக்கு. பிரிசி கேனைச் சாய்த்து மக்கில் ஊற்றினாள். கேன் கொடக் கொடக் என்றது. சனியன், மெதுவா. உள்ளே அம்மா புரண்டு படுத்தாளா, இல்லை ஃபேன் சத்தமா. காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. வலி மாத்திரை போட்டுத் தூங்குகிறாள், தூங்கட்டும், எழுந்துவிட்டால் இதைத் தொடவே விடமாட்டாள். புறவாசல் சிமெண்டுத் தரையில் குத்தவைத்து, மடியில் அந்தக் கறுப்பு டப்பாவை வைத்துக்கொண்டு, திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து திருடிய மாதிரி எடுத்து வந்தது. திருட்டு என்ன திருட்டு, அம்மா கண்ணுக்காகத்தானே. நேற்று அம்மாவின் வலது கண்ணில் வளர்ந்திருந்த சதையை எடுத்தார்கள், மேலே பஞ்சு வைத்து ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இன்றைக்குச் சாயங்காலம் போய்க் கட்டுப் பிரிக்க வேண்டும், பிரித்த கையோடு இந்தக் கூலிங் கிளாஸ் அம்மா முகத்தில் ஏற வேண்டும். இவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார், "இது திரும்ப வளரும்மா, கண்ணாடி இல்லாம உப்பளத்துல நிக்கக் கூடாது, இடது கண்ணுல வெறும் நெழல்தான் தெரியுது உங்களுக்கு, மிச்சம் இருக்கறது இது ஒன்னு." அம்மா தலையாட்டினாள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். சாமியாருக்கு ஆட்டுவாள், அளத்துக் கங்காணிக்கு ஆட்டுவாள், டாக்டருக்கு ஆட்டுவாள், வீட்டுக்கு வந்து தான் நினைத்ததைச் செய்வாள். அண்ணன் தந்த கண்ணாடி டப்பாவுக்குள் கிடக்கும், அம்மா வெறும் கண்ணோடு உப்பு வெள்ளைக்குள் போவாள்.

ஆஸ்பத்திரியில் இலவசமாக ஒன்று தந்திருக்கிறார்கள். அது கண்ணாடியே இல்லை, கறுப்பு பிளாஸ்டிக், பிறந்தநாள் கேக்கோடு வருகிற சாமான் மாதிரி. கறுப்பாக இருந்தால் போதும் என்று எல்லாருக்கும் நினைப்பு. வெறும் கறுப்பு கெடுதல். இருட்டு என்று நம்பிக் கண்ணுக்குள் பாப்பா விரியும், விரிந்த வழியில் ஆகாத வெளிச்சமெல்லாம் உள்ளே போகும், கதவைத் திறந்து வைத்துத் திருடனைக் கூப்பிடுகிற வேலை. கண்ணாடிக் கடையில் இதை ஒரு நாளைக்குப் பல தடவை சொல்கிறாள், யார் கேட்கிறார்கள். பிளஸ் ஒன் பாதியில் விட்டுவிட்டு அந்தக் கடைக்குப் போனவள். கெமிஸ்ட்ரி புரியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னாள், புரியாமல்தான் இருந்தது, பொய்யில்லை, ஆனால் நின்றது அதற்காக இல்லை. அண்ணன் போன பிறகு அம்மா அளத்தில் உப்புப் பெட்டியோடு வரப்புத் தெரியாமல் பாத்திக்குள் விழுந்தாள், தூக்கிவிட்டவர்கள் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள், அன்றைக்கே இவள் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டினாள். அது அங்கேயேதான் தொங்குகிறது. பல்லி முட்டை போட்டிருக்கும். போடட்டும்.

டப்பாவைத் திறந்தாள். முதலில் தண்ணி. வெறும் தண்ணி. தூசியெல்லாம் வழிந்து போக வேண்டும், அதற்கு முன்னால் துணி பக்கத்திலேயே வரக் கூடாது. கடைக்கு வருகிற ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான், விலை கூடிய கண்ணாடியை வாங்கிவிட்டு, ஊதி, சட்டை நுனியைப் பிடித்து, சுற்றிச் சுற்றித் தேய்ப்பது. காற்றில் உப்பு இருக்கிற ஊரில். உப்பைப் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற மாதிரிதானே. பழைய துறைமுகத்துப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி, போன வாரம் இவள் கண் முன்னாலேயே தேய்த்தார். "அண்ணாச்சி, சட்டையில துடைக்காதீங்க" என்றாள். "ஏம்மா, சட்டைக்கு வலிக்குமா?" என்றார். "சட்டைக்கு வலிக்காது, அடுத்த மாசம் வந்து கண்ணாடி மங்குதுன்னு எங்ககிட்ட கத்துவீங்க பாருங்க, அப்ப எனக்கு வலிக்கும்." கடைக்காரர் முறைத்தார். அண்ணாச்சி சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே மறுபடியும் சட்டையில் துடைத்தார். இந்த ஊர் உருப்படாது. மக்குத் தண்ணிக்குள் கண்ணாடியை மெல்ல இறக்கி, கம்பியை விரலால் பிடித்து இங்கும் அங்கும் அலசினாள். தண்ணி சில்லென்று இருந்தது. சுடுதண்ணி ஆகாது, மேலே பூசியிருக்கிற பூச்சு வெடித்துப் போகும். வண்டிக்கு முன்னால் வெயிலில் போட்டு வைத்தாலும் அதே கதி. தலைக்கு மேல் ஏற்றி வைத்தால் கம்பி அகன்று தொளதொள என்று ஆகும், இதோ இந்த வலது கம்பி மாதிரி. இது அண்ணன் வேலை. கிளிட்டஸ் கண்ணாடியைக் கண்ணில் போட்டதைவிட மண்டையில் போட்டதுதான் அதிகம். அப்போது இவளுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் கத்தியிருப்பாள். அவன் அதற்கும் இளித்திருப்பான்.

சீ, என்ன அழுக்கு. மூக்கில் உட்காருகிற ரெண்டு குமிழுக்கும் அடியில் பச்சையாக ஏதோ கட்டிப் போயிருக்கிறது, பாசி மாதிரி. காதுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் வெள்ளைக் கோடு, காய்ந்த உப்பு, அதற்குமேல் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டின தூசி. இப்படியே எத்தனை நாள் இருந்திருக்கிறது. அம்மாவுக்குத்தான் கண் தெரியவில்லை, இவளும் பார்க்காமல் இருந்திருக்கிறாளே. பார்க்க எங்கே விட்டாள். "தொடாத ஏட்டி, கடையில தொடறது போதாதா ஒனக்கு" என்பாள். உடைத்துவிடுவேன் என்று பயம். கடையில் மூன்று மடங்கு விலைக்காரக் கண்ணாடியெல்லாம் இவள் கையில்தான் இருக்கிறது, வீட்டில் நம்பிக்கை இல்லை. பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பில் ஒரே ஒரு சொட்டு, விரல் நுனியில் நுரைக்க வைத்து, லென்சில் ரெண்டு பக்கமும் மெதுவாகத் தடவினாள். அப்புறம் பழைய பல் பிரஷ், குழந்தைகள் பிரஷ், மெத்தென்று இருக்கும், அதை வைத்துக் குமிழுக்கு அடியில், திருகுக்குள், கம்பி வளைவில். வளைவில் போக மாட்டேன் என்றது. விடுவேனா. நகத்தால் கொஞ்சம், பிரஷ்ஷால் கொஞ்சம், மறுபடி சோப்பு. வந்தது. சாம்பல் நிறத்தில் கரைந்து வந்தது. இவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அழுக்கு போவதைப் பார்ப்பதில் இருக்கிற சந்தோஷம், கடையில் இந்த வேலையை யாருக்கும் கொடுக்காமல் இவளே வாங்கிச் செய்வாள். அழுக்குத் தண்ணியைத் தரையில் ஊற்றினாள். சிமெண்டில் ஒரு கை அகலத்துக்குப் பரவி நின்றது. மறுபடி கேன். கொடக். மெதுவா சனியனே.

மாலத்தீவில் வாங்கியது. தோணியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு போவார்கள், வெறுமனே திரும்பி வருவார்கள், கிளிட்டஸ் சுக்கான் பிடிப்பான். கடலில் வெயில் மேலேயிருந்து அடிப்பதைவிடக் கீழேயிருந்துதான் அதிகம் அடிக்கும் என்பான், தண்ணி திருப்பி அடிக்கும், இந்தக் கண்ணாடியைப் போட்டால் அந்தப் பளபளப்பு அப்படியே அடங்கி உள்ளே மீன் ஓடுவது தெரியுமாம். அவன் புளுகுவான், பாதியை நம்பலாம். முதல் தடவை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு வந்த அன்றைக்கு, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மண்டையிலிருந்து கண்ணாடியை எடுத்து அம்மா மூக்கில் மாட்டினான். "போட்டுக்கம்மா. அளத்துல ஒன்னப் பாத்து உப்பே கூசணும்." அம்மாவுக்கு வெட்கம், முகமெல்லாம் சிவந்துவிட்டது. "போலே, ஊரு சிரிக்கும். நீ கடலுக்குப் போறவன், நீ போடு." "நான் மாலத்தீவுல வேற வாங்கிக்கிடுவேன்." "சரி, அங்க போய் வாங்கு, வாங்குற வரைக்கும் இதப் போட்டுட்டுப் போ." "நீ போடுதியா இல்லியா." ரெண்டு பேரும் மாறி மாறிக் கண்ணாடியை நீட்டிக்கொண்டிருந்தார்கள், பந்தியில் கடைசி வடையை வைத்துக்கொண்டு நீ தின்னு நீ தின்னு என்கிற மாதிரி. பிரிசி சோறு போட்டுக்கொண்டு, "யாருக்கும் வேண்டான்னா எனக்குக் குடுங்க" என்றாள். யாரும் கேட்கவில்லை. மறுநாள் விடியக்காலம் அவன் போகும்போது மாதா படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியை வைத்துவிட்டுப் போய்விட்டான். டப்பாகூடக் கிடையாது அப்போது. இந்த டப்பா பின்னால் இவள் கடையிலிருந்து கொண்டுவந்தது. கண்ணாடி இல்லாமல் போனான். இல்லாமல் போனதால் ஒன்றும் ஆகவில்லை. தோணி முழுகியது ராத்திரி, புயலில், கும்மிருட்டில், அதற்கும் கூலிங் கிளாசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இது இவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தூங்கப் போகும்போதெல்லாம் ஒரே இடத்தில் போய் மாட்டுகிறது, முள்ளில் பாவாடை மாட்டின மாதிரி. அவன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்குகிறான். பகல், பளீரென்று தண்ணி, அவனுக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருக்கிறான். ராத்திரிதானே முழுகியது, பின்னே ஏன் பகலாகவே வருகிறது. போதும். போதும் பிரிசி. பிரஷ்ஷை வை.

சட்டைகள். அதுவும் வரும் பின்னாலேயே. அவன் தோணியில் போன மறுநாள் அம்மா அவன் அழுக்குச் சட்டையெல்லாம் எடுத்து ஊற வைத்து, தோய்த்து, கஞ்சி போட்டு, கொடியில் வரிசையாகக் காயப் போட்டாள். தலையணை உறை, லுங்கி, துண்டு, போர்வை, எல்லாம். அம்மாவுக்கு அழுக்கைப் போட்டு வைக்கப் பிடிக்காது, பிள்ளை வரும்போது மணக்க மணக்க இருக்க வேண்டும். அந்தச் சட்டையெல்லாம் மடித்து டிரங்குப் பெட்டியில் ஏறிய அப்புறம்தான் தோணிக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. தோணியில் போன யாரும் திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை. வெறும் சவப்பெட்டிக்குப் பூசை வைத்தார்கள். பெட்டிக்குள் அவன் சட்டை ஒன்றை வைத்துப் புதைப்பது என்று மாமா சொன்னார், உடம்பு கிடைக்காத வீட்டில் அப்படித்தான் செய்வார்களாம். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றை எடுப்பாள், முகத்தில் வைப்பாள், கீழே போடுவாள். அடுத்தது. எல்லாச் சட்டையும் தரையில் குவிந்தது. "சோப்பு வாசந்தான் வருது" என்றாள், யாரிடமும் இல்லை, பெட்டியிடம் சொன்ன மாதிரி. அப்புறம் "எதையாவது வைங்க" என்றாள். மாமா சுற்றிப் பார்த்தார், மாதா பக்கத்தில் கண்ணாடி இருந்தது. "மிக்கேலம்மா, பிள்ள ஆசையா வச்சிருந்தது இது, இதயும் உள்ள வச்சிருவோமா." எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற அம்மா அதற்கு மட்டும் ஆட்டவில்லை. "அது எனக்குக் குடுத்தது" என்றாள். எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அப்போது பிரிசிக்கு நிம்மதியாக இருந்தது, அம்மா இனிமேல் போடுவாள் என்று. எனக்குக் குடுத்தது என்றாளே.

போட்டாளா. ஒரே ஒரு நாள் எடுத்துக்கொண்டு போனாள், இவள் தொல்லை தாங்காமல். அன்றைக்கு இவளும் கூடப் போயிருந்தாள், உப்பு வாருகிற நாள், ஆள் வேண்டும் என்று கங்காணி கேட்டிருந்தான். காலை வெயிலிலேயே அங்கே நிற்க முடியவில்லை. தரை வெள்ளை, வரப்பு வெள்ளை, குவியல் வெள்ளை, பாத்தித் தண்ணிக்குள் இன்னொரு சூரியன், கண்ணை மூடினாலும் இமைக்குள்ளே சிவப்பாக அடிக்கிறது, எங்கே திரும்பி நின்றாலும் முகத்துக்கு நேராக யாரோ டார்ச் அடிக்கிற மாதிரி, அதற்குள்தான் அம்மா இவள் பிறப்பதற்கு முந்தியிலிருந்தே நின்றுகொண்டிருக்கிறாள். முந்தானைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்தாள், விரித்தாள். பக்கத்துப் பாத்தியிலிருந்து ஞானசெல்வம் மதினி, "என்ன மிக்கேலு, ஷூட்டிங்குக்கா வந்திருக்க, ஈரோ எங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, மதினி அப்படித்தான், விழுந்த அன்றைக்கு அம்மாவைத் தூக்கி வந்ததும் அவள்தான். ஆனால் அம்மா கண்ணாடியை மடக்கிவிட்டாள். "வேர்வ பட்டு வீணாப் போயிரும் ஏட்டி. வீட்டுலயே இருக்கட்டும்." பிரிசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேர்வ பட்டா கழுவிக்கிடலாம்மா, கண்ணக் கழுவ முடியுமா" என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். கழுவிக்கிடலாம் என்றபோது மட்டும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் குனிந்து வாரினாள்.

அதிலிருந்து அது டப்பாவுக்குள்தான். தினமும் சாயங்காலம், செபம் சொல்லி முடித்ததும், அம்மா டப்பாவைத் திறப்பாள். கண்ணாடியை எடுத்து, மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாள், கண் அவ்வளவு மோசமாகிவிட்டது, முகத்தில் இடிக்கிற தூரத்தில் வைத்தால்தான் தெரிகிறது. ரூபாய் நோட்டையும் அப்படித்தான் பார்க்கிறாள், அரிசியில் கல் பொறுக்குவதையும் அப்படித்தான் செய்கிறாள். கண்ணாடியைப் பார்க்கக் கண் வேண்டியிருக்கிறது, அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி போட மாட்டாள், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல. லென்ஸ் புதுசு மாதிரி இருக்கிறது, ஒரு கோடு இல்லை. கடையில் காட்டினால் பாராட்டுவார்கள், இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறவர்களைப் பார்த்ததே இல்லை என்பார்கள். சதை மட்டும் வளர்ந்தது. மூக்கோரத்திலிருந்து வெள்ளையாக, நரம்போடு, மெல்ல மெல்லக் கறுப்பு விழியைப் பார்த்து ஊர்ந்து வந்தது. பிரிசி அம்மா முகத்தை நேரே பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். பார்த்தால் அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். நேற்று எடுத்துவிட்டார்கள். மறுபடி வந்தால். மறுபடி வந்து மூடிவிட்டால் அம்மா எப்படி இருப்பாள், இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் தடவிக்கொண்டு, யாரு அது யாரு அது என்று கேட்டுக்கொண்டு. ஒருத்தன் கடலுக்குள் போய்த் தெரியாமல் ஆனான், ஒருத்தி வெளிச்சத்துக்குள் நின்று தெரியாமல் ஆகப் போகிறாள், நடுவில் இவள் மற்றவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. இல்லை. இன்றைக்கு விடமாட்டாள். ஆஸ்பத்திரிப் படியிலேயே மாட்டிவிடுவாள். கையை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும்.

கடைசி அலசல். உதறக் கூடாது. நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தண்ணியை வடிய விட்டாள், கடையிலிருந்து கொண்டுவந்த மெத்துத் துணியால் ஒற்றினாள், தேய்க்கவில்லை, ஒற்றல்தான், குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. சின்னத் திருப்புளியை எடுத்து வலது கம்பித் திருகை ஒரு சுற்று இறுக்கினாள். தொளதொளப்புப் போயிற்று. நல்லது. லென்ஸ் தரையில் படாமல் டப்பாத் துணிமேல் மல்லாக்க வைத்தாள். பிறகு கடையில் வருகிறவர்களுக்குச் செய்து காட்டுகிற வேலையைச் செய்தாள், நல்ல சரக்கா என்று சோதிக்கிறது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனைப் பார்ப்பது. போன் முகப்பில் கிளிட்டஸ், தோணியின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து இளிக்கிறான், மண்டையில் இதே கண்ணாடி. போனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். நல்ல கண்ணாடியாக இருந்தால் ஒரு இடத்தில் திரை இருண்டு போகும். அவன் மங்கினான், பழுப்பானான், பல் மட்டும் கொஞ்சம் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. முழுக் கறுப்பு. நல்ல சரக்குதான், பூச்சு எதுவும் போகவில்லை. கடையில் இந்த இடத்தில் "பாத்தீங்களா சார்" என்று சொல்வாள். நேராக்கினால் வந்துவிடுவான். நேராக்கினாள், வந்தான். மறுபடி சாய்த்தாள், போனான். எதற்காகச் செய்கிறாள் என்று தெரியாமல் நாலைந்து தடவை செய்தாள். கண்ணாடி மூக்கில் வழுக்கியது. சோப்பு எலுமிச்சை மணத்தது. வேறு ஒன்றும் மணக்கவில்லை.

"பிரிசி."

கண்ணாடியை அவசரமாகக் கழற்றினாள். அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள், ஒரு கை சுவரில், வலது கண்ணில் பஞ்சும் பிளாஸ்திரியும். இடது கண் இவள் இருக்கிற பக்கத்தைத் தோராயமாகப் பார்த்தது.

"என்ன ஏட்டி செய்த, தண்ணிச் சத்தம் கேட்டுது."

"ஒன்னுமில்லம்மா. நீ ஏன் எந்திரிச்ச, கூப்பிட வேண்டியதுதான."

"மாதா பின்னால டப்பா இல்ல. தடவிப் பாத்தேன்."

கண் தெரியாதவளிடம் எதை மறைக்க முடிகிறது. "இங்கதான் இருக்கு. சாயந்தரம் நீ போடணும்ல. போட மாட்டேன்னு மட்டும் சொல்லாத, நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றாள். சண்டைக்குத் தயாராக இருந்தாள், ஆஸ்பத்திரிப் படிக்கு என்று சேர்த்து வைத்ததெல்லாம் வாயில் நின்றது. அம்மா சண்டைக்கு வரவில்லை. கையை நீட்டினாள். இவள் கண்ணாடியை அந்தக் கையில் வைத்தாள்.

அம்மா எப்போதும் செய்கிற மாதிரி முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். ஆனால் கண்தான் கட்டியிருக்கிறதே. எதைப் பார்க்கிறாள். லென்ஸைத் தொடக்கூட இல்லை, கம்பியைத்தான் விரலால் தடவினாள், வளைவு வரைக்கும் போய், காதுக்குப் பின்னால் உட்காருகிற அந்த நுனியை மூக்குக்கு நேராக வைத்து, மெல்ல மூச்சை உள்ளே இழுத்தாள். நிறுத்தினாள். மற்றக் கம்பி. அதையும் இழுத்தாள். பிரிசிக்கு டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. சட்டை. ஒவ்வொரு சட்டையாக எடுத்து முகத்தில் வைத்து. தரையில் குவிந்த சட்டை. சாயங்காலம் தவறாமல், செபம் முடிந்ததும், கீறல் பார்க்கிறாள் என்று, கண் மோசம் என்று, இத்தனை நாளும்.

"கழுவிட்டியா" என்றாள் அம்மா.

"அழுக்கா இருந்துச்சும்மா."

"ம்."

"பச்சையா கட்டிப் போயி, பிசுக்கா. நான் நெனச்சேன்." என்ன நினைத்தாள். பிரஷ்ஷை எடுத்து மக்குக்குள் போட்டாள்.

"காதுக்குப் பின்னால வார எடத்துல இருந்துச்சு" என்றாள் அம்மா, சாதாரணமாக, அரிசி எந்தப் பானையில் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. "அவன் வேர்வ. தலைக்கு வைக்கிற எண்ணெ. எல்லாத்தயும் நாந்தான் தோச்சுப் போட்டுட்டேன் அன்னைக்கு, ஒன்னு விடாம. இது மட்டுந்தான் தப்பிச்சுது. நான் போட்டா என் வேர்வ ஏறிரும்லா. அதான் போடல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா."

"என்னன்னு சொல்ல."

தெருவில் தண்ணி கேன் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. பிரிசி அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு. பஞ்சு இருந்தது, அதனால் பார்க்க முடிந்தது. அழுகிறாளா என்று தெரியவில்லை. இவள்தான் அழுதுகொண்டிருந்தாள், மூக்கை உறிஞ்சாமல், சத்தம் வராமல், கேனைச் சாய்த்தபோது இருந்ததைவிட ஜாக்கிரதையாக.

அம்மா கண்ணாடியை இன்னொரு தடவை மோந்தாள். "எலுமிச்சம்பழ சோப்பு" என்றாள். பிறகு கம்பி ரெண்டையும் விரித்து, தட்டுத் தடுமாறி, பஞ்சுக்கு மேலேயே வைத்து, காதில் மாட்டிக்கொண்டாள். பஞ்சு தடித்திருந்ததால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"கோணலா இருக்கா."

"கட்டுப் பிரிச்சா சரியாயிரும்."

"அளத்துக்குப் போட்டா கீழ விழாதுல்லா. குனிஞ்சு வாரணும்."

"விழாது. திருகு இறுக்கியிருக்கேன்."

"அப்ப சரி. இனிமே இது கண்ணாடிதான." அம்மா மூக்கில் சரிசெய்துகொண்டாள். "அந்த மதினி கேட்டா நீ பதில் சொல்லு, எனக்கு வாய் வராது. நடையில செருப்பு எங்க கெடக்கு, எடுத்துப் போடு, கெளம்புவோம். சாயந்தரம் வரைக்கும் இங்க இருந்து என்ன செய்ய, அங்க போய் உக்காந்திருப்போம்."

பிரிசி எழுந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது, அம்மா தானே போட்டுக்கொண்டாள், கையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு சண்டையும் வேண்டியிருக்கவில்லை. மக்கையும் பிரஷ்ஷையும் எடுத்தாள். கீழே அழுக்குத் தண்ணி ஊற்றின இடம் வெயிலில் காய்ந்திருந்தது. கேன் தண்ணி காய்ந்தால் தடம் நிற்காது. நின்றிருந்தது, ஓரத்தில் மெல்லிசாக, ஒரு வெள்ளைக் கோடு, கை அகலத்துக்கு. சோப்பாக இருக்கும். சோப்புதான், வேறு என்ன. செருப்பு அந்தப் பக்கம் நடையில் கிடந்தது, நேராக நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். அவள் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக ஒட்டி, அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.